தட்டை மூடி வையுங்க சார்!

'மனசை அடக்கு' என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்றுதான் சொல்லமாட்டேன் என்கிறார்கள்!

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் மிஷெல் அதைக் குழந்தைகளிடமே கேட்டுப் பார்த்தார். 'நான் வரும்வரை காத்திருந்தால் உனக்கு ரொம்பப் பிடித்த தின்பண்டம். முடியலையா, கூப்பிடு, சுமாரானது உடனே கிடைக்கும்.' (அசல் ஃபிக்சட் டெபாசிட் பேரம். நான் பி.காம்., விடமாட்டேன்!)

1970-ல் வெளியான முடிவு: இரண்டு பண்டமும் கண்ணெதிரே இருந்த பிள்ளைகள் சராசரியாகத் தாங்கியது 1 நிமிஷம். கண்ணில் படாமல் எடுத்து வைத்தால் 11 நிமிஷம்!

பொறுத்த பிள்ளைதான் பிற்காலத்தில் ஜெயிக்கும் என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. 2018-ல் வந்த ஆய்வு குடும்பச் சூழலையும் சேர்த்துக் கணக்குப் போட்டதில் அது ரொம்பவே சுருங்கிவிட்டது. நல்லதாய்ப் போச்சு. பிள்ளையைத் திட்டுவதை விட்டுவிட்டுத் தட்டைக் கவனிக்கலாம்.

செல்போன் என்கிற தட்டுக்கு மூடியே இல்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறதே, அந்த ஏற்பாட்டை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கினே பின்னால் பகிரங்கமாக வருத்தப்பட்டார். அதைக் குழந்தை பக்கத்தில் வைத்துவிட்டு, 'தொடாதே' என்று அதட்டுகிறோம்!

முறுக்கு டின்னைப் பரணில் ஏற்றுங்கள். போனை ராத்திரி அடுத்த ரூமில் சார்ஜ் போடுங்கள்.

'அலாரம் வேணுமே?' என்கிறீர்களா... கடையில் இன்னமும் டைம்பீஸ் விற்கிறார்கள் சார்!