மின்சாரச் சூட்டடுப்பு: ஆக்கமும் குறையும்

அவித்தல், வறுத்தல், பொரித்தல் எனச் சமையல் முறைகள் பல உள. அவை அனைத்திற்கும் மூத்தது சுடுதல். பானை வனையக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே மனிதன் இறைச்சியையும் கிழங்கையும் நெருப்பிலிட்டுச் சுட்டுண்ணக் கற்றுவிட்டான். அந்த முறை இன்றும் அழிந்துவிடவில்லை. கத்தரிக்காயைத் தணலிற் சுட்டுத் தோலுரித்துச் சம்பல் செய்வதும், பனம்பழத்தைச் சுட்டுப் பிசைந்து உண்பதும், கருவாட்டை நெருப்பில் வாட்டிப் பழஞ்சோற்றுக்குத் துணையாக்குவதும் யாழ்ப்பாணத்தில் நெடுநாளாக உள்ள வழக்கங்கள். சுடும் முறை மாறவில்லை. நெருப்புத்தான் மாறி வருகின்றது. ஊமற்கரியும் சிரட்டைக்கரியும் கனன்ற இடத்திலே, ‘கிறில்’ என்ற பெயரோடு கடைகளில் விற்கப்படும் மின்சாரச் சூட்டடுப்பு வந்து அமர்கின்றது. இதனால் அடுக்களை பெறுவது யாது, இழப்பது யாது என்பதை அறிந்தபின் வாங்குவதே தக்கது.

முதலில் இவ்வடுப்பு வெப்பத்தை எவ்வாறு பிறப்பிக்கின்றது என்பதைக் காண்போர்க்கு மற்றவை எளிதில் விளங்கும். மின்னோட்டம் ஒரு கம்பியின் வழியே செல்லும்போது கம்பி அதனைத் தடுக்கின்றது. அத்தடையினால் வெப்பம் பிறக்கின்றது. மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் கம்பியின் தடைக்கும் ஏற்ப அவ்வெப்பம் மிகும் என்பதை ஆங்கில விஞ்ஞானியாகிய ஜேம்ஸ் பிறெஸ்கொற் ஜூல் 1841ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆயினும் அவ்வுண்மை அடுக்களைக்கு வந்து சேர நீண்ட காலம் சென்றது. செந்தணலாகக் கனலும் இரும்புக் கம்பி காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து விரைவில் அரித்துப் போகும். 1906ஆம் ஆண்டில் அமெரிக்கரான அல்பேட் மார்ஷ் நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்துக்கு ஆக்கவுரிமை பெற்றார். அந்தக் கலப்புலோகம் சூடேறும்போது தன் மேல் மெல்லிய ஒட்சைட்டுத் தோலொன்றைப் போர்த்திக் கொள்ளும். அத்தோல் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும். மின்சாரத்தால் இயங்கும் பாண் வாட்டியும், அழுத்தியும், சூட்டடுப்பும் வீடுகளுக்கு வர வழி செய்தது இக்கம்பியே.

இவ்வடுப்புக்களில் இரு வகை உண்டு. ஒன்றில், கம்பிச் சட்டத்தின் மேல் உணவு இருக்க, அதற்கு மேலேயோ கீழேயோ சூட்டுச் சுருள் செந்நிறமாகக் கனலும். அங்கே வெப்பம் பெரும்பாலும் கதிர்வீசலாகவே உணவை அடைகின்றது. கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்களே அவ்வேலையைச் செய்வன. மற்றதில், வரிவரியாக மேடுபள்ளம் அமைந்த உலோகத் தட்டுக்கு அடியிற் சுருள் மறைந்திருக்கும். தட்டைத் தொட்டிருக்கும் உணவுக்கு வெப்பம் கடத்தல் முறையாற் செல்லும். மேல் மூடியும் சூடாகும் அடுப்பாயின் இரு பக்கமும் ஒரே வேளையில் வெந்துவிடும்.

இனி, சுட்ட உணவுக்குத் தனிச்சுவை எங்கிருந்து வருகின்றது? உணவிலுள்ள புரதக் கூறுகளும் வெல்லக் கூறுகளும் வெப்பத்தில் ஒன்றோடொன்று தாக்கமுற்றுப் பொன்னிறத்தையும் நறுமணத்தையும் தருகின்றன. இத்தாக்கத்தை 1912ஆம் ஆண்டில் விளக்கியவர் லூயி கமீய் மையார் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர். ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேலேதான் அது விரைந்து நிகழும். ஈரமுள்ள மேற்பரப்போ 100 பாகையைத் தாண்டாது. நீர் முழுவதும் ஆவியான பின்னரே வெப்பம் மேலேறும். ஆகவே, கழுவிய மீனை ஈரத்தோடு அடுப்பில் வைத்தால் அது சுடுபடாமல் அவிந்து போகும். மீன் துண்டங்களை நெருக்கமாக அடுக்கினாலும் அதே விளைவுதான். மின்சார அடுப்பு நன்றாகச் சுடவில்லை என்று குறைகூறும் வீடுகள் பலவற்றிற் குறை அடுப்பில் இல்லை. துடைக்காத மீனிலும் சூடேறாத தட்டிலும் உள்ளது. தட்டை ஐந்தாறு நிமிடம் முன்னரே சூடாக்கி, மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் பூசிய பாரை அல்லது அறக்குளாத் துண்டங்களின் ஈரத்தை ஒற்றியெடுத்து, இடைவெளி விட்டு வைப்பவர் நல்ல பயனைக் காண்பர்.

இவ்வடுப்பின் தலையாய நன்மை, விறகுப் புகையும் கரிப் புகையும் இல்லாமை. அதனைச் சிறிய வசதி என எண்ணிவிடல் ஆகாது. விறகு, கரி, சாணம் முதலியவற்றை வீட்டுக்குள் எரிப்பதனால் உண்டாகும் காற்று மாசு 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் உயிர்களைக் கவர்ந்தது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகள் விறகினாலேயே சமைத்தன. அடுப்பங்கரையில் இருமிக்கொண்டு நிற்கும் தாய்க்கும், அவள் இடுப்பில் இருக்கும் குழந்தைக்கும் புகையற்ற ஒரு வேளைச் சமையல் எத்தகைய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கரியடுப்பில் மற்றுமோர் ஆபத்தும் உண்டு. மழைநாளில் அதனை வீட்டுக்குள் எடுத்துக் கதவு சாளரங்களை அடைத்துவிட்டால், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு நிறைந்து உயிருக்கே இறுதி செய்துவிடும். மின்னடுப்பில் அவ்வாயு பிறக்க எரிபொருள் இல்லை.

உணவைப் பொறுத்தும் ஒரு நன்மை உண்டு. கொழுப்பு உருகித் தணலின்மேற் சொட்டும்போது எழும் புகையிலே புற்றுநோய்க்கு ஏதுவான சில ஐதரோகாபன் சேர்வைகள் உண்டாகி, மீண்டும் உணவின்மேற் படிகின்றன. சுருள் மேலேயிருந்து சுடும் அடுப்பிலும், கொழுப்பை வடித்து வேறு தட்டிற் சேர்க்கும் அடுப்பிலும் அது பெரிதும் குறையும். ஆனால் மின்சாரத்திற் சுட்டதனால் மட்டும் தீங்கு முற்றாக நீங்கிவிடாது. எந்த நெருப்பிலாயினும் இறைச்சியைக் கரியாகுமளவு சுட்டாற் கேடான வேறு பொருள்கள் உண்டாகவே செய்யும். கருகிய பகுதியை அகற்றி உண்பதே நலம். அதற்காக உள்ளே வேகாத உணவையும் உண்ணலாகாது. கோழியிறைச்சியின் நடுப்பகுதி 74 பாகையையும் மீனின் நடுப்பகுதி 63 பாகையையும் அடைந்திருத்தல் வேண்டும். வெப்பத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் இயலும் மின்னடுப்பில் இவ்வளவை அடைவது எளிது. எண்ணெயும் சிறிதளவே போதும்.

குறைகளுள் முதலாவது சுவை பற்றியது. விறகும் கரியும் தரும் புகைமணத்தை மின்சாரம் தராது. கணகணவென்று கனலும் கரியின் வெப்பநிலை 600, 700 பாகையை எட்டும். வீட்டு மின் தட்டோ பெரும்பாலும் 200 முதல் 250 பாகையில் நின்றுவிடும். எனவே, பாண், சோளம், மீன் துண்டம், இறால், எலும்பு நீக்கிய கோழி முதலியவற்றுக்குத் தட்டடுப்பு நன்கு பொருந்தும். முழுக் கத்தரிக்காயைத் தோல் கருகச் சுடுவதற்கு அது பெரும்பாலும் பொருந்தாது; காய் மெத்தென வெந்துவிடும், ஆனாற் சம்பலுக்குரிய சுட்ட மணம் வராது. பனம்பழத்துக்கும் தணலே தகும். பெரிய குடும்பத்துக்கு ஒரே முறையிற் சமைக்கத் தட்டில் இடமும் போதாது.

இரண்டாவது குறை செலவு. 1,500 உவாற்று அடுப்பொன்று 20 நிமிடம் இடைவிடாது இயங்கினால் அரை அலகு மின்சாரம் செலவாகும். அந்த அரை அலகைக் கொண்டு 9 உவாற்று விளக்கொன்றை ஏறத்தாழ 55 மணித்தியாலம் எரிக்கலாம். நாள்தோறும் ஒரு முறை பயன்படுத்தினால் மாதத்துக்கு 15 அலகு கூடும். இலங்கையில் வீட்டு மின் கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் அமைந்தது. அலகுகள் கூடக்கூட மேற்படிக்குரிய விலை பொருந்தும். ஆகையால், குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீட்டில் இந்த 15 அலகு பட்டியலை எதிர்பாராத அளவு உயர்த்திவிடக்கூடும். வளவிலே விழும் பனைமட்டையும் பொச்சும் கொண்டு சமைக்கும் குடும்பத்துக்கு இது சிந்திக்க வேண்டிய கணக்கு.

மூன்றாவது, கவனக்குறைவால் வரும் ஆபத்து. விறகு நெருப்பு தன்னைத் தானே காட்டிக் கொடுக்கும். மின் நெருப்பு மறைந்து நிற்கும். இலங்கையில் வழங்கும் மின்னழுத்தம் 230 வோல்ற்று. அதில் 1,500 உவாற்று அடுப்பு ஏறத்தாழ 6½ அம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். பழைய வீடுகளிற் காணப்படும் 5 அம்பியர் உருண்டை முள் குதையோ 1,150 உவாற்றுக்கு மேல் தாங்காது. அதில் இவ்வடுப்பைப் பொருத்தினாற் சுவருக்குள் உள்ள கம்பி சூடேறிக் காப்புறை உருகித் தீப்பிடிக்க இடமுண்டு. 13 அம்பியர் சதுர முள் குதையிலே தனியாகப் பொருத்துதல் வேண்டும். அதே நீட்டுக் கம்பியிற் கேத்தலையும் சேர்த்து இணைத்தலாகாது. ஈரக்கையாற் தொடுவதும், இணைப்பை நீக்காமற் கழுவுவதும் உயிருக்குக் கேடு. மின் ஒழுக்கு நேர்ந்தவுடன் இணைப்பைத் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிட்ச்’ நன்கு வேலை செய்கின்றதா என்பதை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி இடைக்கிடை பார்த்தல் நன்று. ஒட்டாத பூச்சுள்ள தட்டை இரும்பு அகப்பையாற் சுரண்டுவதும், வெறுமையாக நெடுநேரம் காய விடுவதும் தவறு. அப்பூச்சு 260 பாகைக்கு மேற் சிதையத் தொடங்கும்.

நான்காவது, மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்பது. இலங்கையின் நீர்வீழ்ச்சிகளைக் கொண்டு மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிற் கட்டுரை வாசித்தார். லக்சபான மின்நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பின்னர் நீர்வலு மட்டும் போதாமையால் எண்ணெயும் நிலக்கரியும் வேண்டியதாயிற்று. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் 2011ஆம் ஆண்டு தொழிற்படத் தொடங்கியது. ஆகவே, அடுக்களையை விட்டு நீங்கிய புகையின் ஒரு பகுதி வேறோர் ஊரின் புகைபோக்கியில் எழுகின்றது எனலாம். எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாத 2022ஆம் ஆண்டின் பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நேர்ந்தது. சமையல் வாயுவும் கிடைக்காத அக்காலத்திற் கொழும்பு நகரத்து வீடுகள் பல மீண்டும் விறகையும் கரியையும் நாடின. மின்னடுப்பை மட்டும் நம்பியிருந்த வீட்டிற்கு அந்நாட்கள் கற்பித்த பாடம் மறக்கத் தக்கதன்று.

இத்தனையையும் சீர்தூக்கினால் முடிவு தெளிவாகும். புகைமணத்தை இழத்தல் நாவுக்குச் சிறு நட்டம். புகையை இழத்தல் நெஞ்சுக்குப் பெரும் ஆதாயம். தகுந்த குதையும் கட்டணத்தைத் தாங்கும் வருவாயும் உள்ள வீட்டில், முதியோரோ குழந்தைகளோ ஈளை நோயாளரோ இருப்பின், நாளாந்தச் சுடுதலுக்கு மின்னடுப்பே ஏற்றது. நாடெங்கும் மின் தேவை உச்சமாக இருக்கும் மாலை 6.30 மணிக்கு முன்னரே சமையலை முடித்துக்கொள்வது பொதுநலத்துக்கும் உகந்தது; கூரையிற் சூரியப்படலம் பொருத்திய வீட்டார்க்கு நண்பகலே சிறந்த வேளை. விறகடுப்பைக் கைவிட இயலாத வீட்டாரும் சாளரத்தைத் திறந்து, உலர்ந்த விறகை எரித்து, புகை வெளியேற வழிசெய்தால் நோயின் ஒரு பகுதியையேனும் தவிர்க்கலாம். மின்னடுப்பு வாங்கிய வீட்டிலும் முற்றத்து மூலையில் ஒரு கரியடுப்பு இருக்கட்டும். மின்சாரம் நின்ற இரவில் அது கைகொடுக்கும். கத்தரிக்காய்ச் சம்பல் வேண்டிய நாளிலும் அதுவே உதவும்.