எந்த நூற்றாண்டுச் சிப்பாய்?
தசராவில் பழைய ராணுவம் மிடுக்காக நடைபோடுகிறது. வரலாறு எவ்வளவு தூரம் கூட வருகிறது?

விஜயதசமி இரவு. மைசூர் பன்னிமண்டபம் மைதானத்தில் விளக்குகள் அணைய, நூற்றுக்கணக்கான தீவட்டிகள் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. குதிரைகள் வலம் வருகின்றன. ஆளுநர் அணிவகுப்பு மரியாதையை ஏற்றுக்கொள்கிறார். அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்கும் சிறுவனுக்கு இது ராஜா காலத்துப் படை. உண்மையில் தீவட்டி சுழற்றுபவர்கள் போலீஸ்காரர்கள்.

ஒரு காலத்தில் இது வேடிக்கை அல்ல. அரண்மனையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் ஊர்வலமாக வரும் மகாராஜா, வன்னி மரத்துக்குப் பூஜை செய்துவிட்டு, தீவட்டி வெளிச்சத்தில் தன் படைகளைப் பார்வையிடுவார். 1610ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய தசரா, விஜயநகரத்து மகாநவமியின் வாரிசு. அங்கேயும் மன்னர் படைகளைப் பார்வையிட்டதை 16ம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ் எழுதிவைத்திருக்கிறார். பூஜை பாதி, பலப்பரீட்சை பாதி என்பதுதான் இந்த விழாவின் மூலம்.

பின்னர் எல்லாம் மாறியது. மன்னர் மானியம் 1971ல் ஒழிந்தது. அந்தக் காலகட்டத்திலிருந்து சுமார் 750 கிலோ தங்க அம்பாரியில் மகாராஜாவுக்குப் பதில் சாமுண்டீஸ்வரி பவனி வருகிறாள். இதை யாரும் வரலாற்றுப் பிழை என்று சொல்வதில்லை. மாற்றம் ஊரறிய நடந்தது, காரணமும் தெரியும். சிக்கல், சொல்லாமல் நுழையும் மாற்றங்களில்தான்.

நம் மேடைகளிலும் அலங்கார ஊர்திகளிலும் வரும் 'அந்தக்கால வீரனை'க் கவனியுங்கள். பளபளக்கும் மார்புக் கவசம், அட்டைக் கேடயம், சரிகைத் தலைப்பாகை. பல்லவன், விஜயநகரத்தான், திப்புவின் சிப்பாய் எல்லோருக்கும் ஒரே வாடகை உடை. அவன் எந்த நூற்றாண்டுக்கும் சொந்தமில்லாதவன்.

ஆதாரம் இல்லாத குறையா? மைசூரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் ஒரு படையே நிற்கிறது. காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் 1780ல் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்த காட்சி அது. சீருடை, துப்பாக்கி, குதிரைச் சேணம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தச் சுவரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அது வென்றவர் வரையச் சொன்ன படம். 1799 முற்றுகைக்கு முன்பே சிதைக்கப்பட்டு, வெல்லஸ்லியால் புதுப்பிக்கப்பட்டது. மீண்டும் மங்கியபோது, 1850களில் டல்ஹௌசி பிரபுவின் உத்தரவின் பேரில், பழைய படம் நினைவிலிருந்த ஓர் இந்திய ஓவியர் திரும்பத் தீட்டினார். ஆக, நாம் பார்ப்பது ஞாபகத்தின் மேல் பூசிய வண்ணம்.

இதே தலைவலி ரோமாபுரிப் படைகளுக்கு வேடம் கட்டுபவர்களுக்கும் உண்டு. கி.பி. 113ல் எழுந்த டிராஜன் தூணில் ஆயிரக்கணக்கான உருவங்கள் இருக்கின்றன. ஆனால் அது சக்கரவர்த்தியின் புகழ் பாடும் சிற்பம். பட்டைத் தகடுகளால் ஆன கவசம் எப்படிப் பொருந்தியது என்பது, 1964ல் இங்கிலாந்தின் கோர்பிரிட்ஜில் புதைந்திருந்த ஒரு மரப்பெட்டியிலிருந்து நிஜக் கவசத் துண்டுகள் கிடைத்த பிறகே தெளிவானது. 1972ல் அங்கே தொடங்கிய 'எர்மின் ஸ்ட்ரீட் கார்ட்' என்ற ஆர்வலர் குழு, இப்படிக் கிடைத்த பொருள்களை ஒப்பிட்டுத் தன் உடைகளைச் செய்துகொள்கிறது. சினிமாவைப் பார்த்து அல்ல.

கர்நாடகத்துக்கும் அப்படி ஒரு புதையல் வாய்த்தது. ஷிமோகா மாவட்டம் நகரா கிராமத்தில் 2018ல் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் அதிகமான ராக்கெட்டுகள் கிடைத்தன. திப்பு காலத்து இரும்புக் குழல்கள் அவை. இனி மேடையில் ராக்கெட் வீசும் சிப்பாய்க்குக் கையில் எதைக் கொடுப்பது என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. அளந்து பார்த்தால் போதும்.

உடை விஷயத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். மைசூர் அதற்கு ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறது. 'தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்' தொலைக்காட்சித் தொடருக்காக இங்கே பிரீமியர் ஸ்டூடியோவில் போட்ட அரங்கில் 1989 பிப்ரவரி 8ம் தேதி தீப்பிடித்து 62 பேர் மாண்டார்கள். வரலாற்றைப் பிரம்மாண்டமாகக் காட்டும் அவசரத்துக்குக் கொடுத்த விலை அது. தொடர் உண்மையா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில், பகவான் கித்வானியின் நாவலைத் தழுவிய கற்பனை இது என்ற அறிவிப்போடுதான் அது தூர்தர்ஷனில் ஓடியது. சண்டை அதோடு ஓயவில்லை. 2015ல் கர்நாடக அரசு தொடங்கிய திப்பு ஜெயந்தி, 2019ல் ஆட்சி மாறியதும் ரத்தானது. இந்தச் சூழலில் ஒரு சிப்பாய்க்கு மாட்டும் சட்டைகூட கட்சி கட்டிக்கொள்கிறது.

சட்டை சரியாக இருந்துவிட்டால் சண்டை தீராது. 1918 செப்டம்பர் 23ல் ஹைஃபாவைப் பிடித்த போரில் மைசூர் லான்சர்கள் அணிந்தது காக்கி. அணிவகுப்பில் கண்ணைப் பறிக்கும் உடை வேறு, சாவுக்கு நேராகக் குதிரையை விரட்டிய உடை வேறு. எது எதற்கு என்று சொன்னால்தான் பார்ப்பவனுக்குப் போர் புரியும். இல்லாவிட்டால் ஜரிகை மட்டுமே புரியும்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. அரண்மனைக் கல்யாண மண்டபத்தின் 26 ஓவியங்கள், 1930களில் நடந்த தசரா ஊர்வலத்தைப் புகைப்படங்களை வைத்துத் தீட்டியவை. யார் எந்தத் தலைப்பாகை, எந்தக் கொடி என்பதற்கு இதைவிட அருகில் சாட்சி கிடையாது. உடை தைப்பவரை ஒருமுறை அங்கே அழைத்துப் போகலாம். ஒவ்வொரு வேடத்துக்கும் 'இது இன்ன காலம், இதற்கு ஆதாரம் இது, இந்தப் பகுதி எங்கள் யூகம்' என்று ஒரு பலகை வைக்கலாம். மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழகிய நேர்மைதான் இது: மூலத்தில் இல்லாததைச் சேர்த்தால் அடிக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

மைசூருக்கு இந்தப் பொறுமை புதிதும் அல்ல. ஊர்வல நாளின் 21 பீரங்கி முழக்கத்துக்காக ஆயுதப் படைப் போலீசார் முன்கூட்டியே ஒத்திகை பார்க்கிறார்கள். சத்தத்துக்கு மிரளாதிருக்க யானைகளையும் குதிரைகளையும் அழைத்து வந்து வெடித்துக் காட்டுகிறார்கள். யானைக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சம், தோளில் உட்கார்ந்து பார்க்கும் அந்தச் சிறுவனுக்கும் காட்டினால் நல்லது.