‘தொடரும்’னு போட்டுட்டுப் போறீங்க, எப்ப தொடரும்?

இந்த எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அப்படியே விட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் நீக்கியிருக்கிறேன். ‘செவரன்ஸ்’, ‘சுழல்’ இரண்டின் முதல் சீசன் முடிவும் லேசாகப் பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் கவனிக்க.

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ல பாதி ஒரே புலம்பல். “ப்ரோ, அடுத்த சீசன் வர்றதுக்குள்ள கதையே மறந்து போயிடுது.” மீதி பாதி, “மார்வெல், ஸ்டார் வார்ஸ் எல்லாம் அலுத்துப் போச்சு, சயின்ஸ் ஃபிக்ஷன் பக்கமே போறதில்ல.” ரெண்டும் வேற வேற புகார் மாதிரி தெரியும். ஒண்ணு ‘கம்மியா வருது’ங்குது, இன்னொண்ணு ‘நிறைய வருது’ங்குது. ஆனா ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. இன்னைக்கு அதைத்தான் பிரிச்சுப் பாக்கப் போறோம்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. ‘செவரன்ஸ்’ முதல் சீசனோட கடைசி எபிசோட் வந்தது 2022 ஏப்ரல் 8. ரெண்டாவது சீசன் ஆரம்பிச்சது 2025 ஜனவரி 17. இப்ப நம்ம ஊர் பக்கம் வாங்க. புஷ்கர்-காயத்ரியோட ‘சுழல்’ முதல் சீசன் 2022 ஜூன் 17. ரெண்டாவது 2025 பிப்ரவரி 28. ஒண்ணுக்கு 2 வருஷம் 9 மாசம், இன்னொண்ணுக்கு 2 வருஷம் 8 மாசம். கிட்டத்தட்ட ஒரே காத்திருப்பு.

ஆனா எதுக்கு நாம அதிகமா கடுப்பானோம்? செவரன்ஸுக்குத்தான். ‘சுழல்’ எப்ப வரும்னு யாரும் தூக்கம் கெட்டு உக்காந்திருக்கல. வந்தப்போ, “அட, வந்துடுச்சா?”ன்னு பாத்தோம். இந்த வித்தியாசம் எங்க இருந்து வருதுங்கறதுதான் இன்னைக்கு விஷயம்.

ஏன் இவ்ளோ லேட்?

முதல்ல லேட் ஆகறதுக்கான காரணம். 2023ல ஹாலிவுட்ல ரெண்டு ஸ்ட்ரைக். எழுத்தாளர் சங்கம் 148 நாள், நடிகர் சங்கம் 118 நாள். செவரன்ஸ் ஷூட்டிங்கும் அதுல மாட்டுச்சு. ஆனா ஸ்ட்ரைக்கை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ 2016 ஜூலைல ஆரம்பிச்சு 2025 கடைசில முடிஞ்சது. அஞ்சு சீசன், மொத்தம் 42 எபிசோட். அதுக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல. ‘ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1987ல இருந்து 1994க்குள்ள, ஏழே வருஷத்துல 178 எபிசோட் போட்டுட்டு முடிஞ்சே போயிடுச்சு.

நம்ம ஐடி பாஷைல சொன்னா, இது பேட்ச் சைஸ் பிரச்சனை. பழைய டிவில அஞ்சாவது எபிசோட் ஒளிபரப்பாகும்போது பன்னெண்டாவது எபிசோட் ஷூட்டிங்ல இருக்கும், பதினஞ்சாவது எழுதிட்டு இருப்பாங்க. எல்லா டீமுக்கும் எப்பவும் வேலை ஓடும். இப்ப ஓடிடி சீரிஸ் சினிமா மாதிரி. எட்டு எபிசோடையும் எழுதணும், அப்புறம் லொகேஷன் வாரியா எட்டையும் கலந்து ஷூட் பண்ணணும், அப்புறம் எட்டுக்கும் எடிட்டிங், விஎஃப்எக்ஸ், பல மொழி டப்பிங், சப்டைட்டில். எல்லாம் முடிஞ்சாதான் ரிலீஸ். ரிலீஸ் ஆகி, எத்தனை பேர் பாத்தாங்கன்னு நம்பர் வந்தப்புறம்தான் பெரும்பாலும் அடுத்த சீசனுக்கு ஓகே. அதுக்குள்ள நடிகர் நாலு படம் ஒத்துக்கிட்டிருப்பார், செட்டைப் பிரிச்சிருப்பாங்க. திரும்ப முதல்ல இருந்து ஆள் சேக்கணும்.

ஒரு பேச்சுக்கு, எழுத எட்டு மாசம், ஷூட்டிங் ஆறு மாசம், மிச்ச வேலைக்கு எட்டு மாசம்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு முடிஞ்சாதான் இன்னொண்ணு. யாருக்கும் காய்ச்சல்கூட வரலைன்னாலே கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆயிடும்.

இதுக்கு நேர் எதிரான ஒரு கம்பெனி எங்க சேலத்துலயே இருந்துச்சு. ஏற்காடு ரோட்ல போறவங்க அந்த நுழைவாயில் வளைவைப் பாத்திருப்பீங்க. மாடர்ன் தியேட்டர்ஸ். டி.ஆர்.சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்சது, நூத்துக்கும் மேல படம் எடுத்தாங்க. ஒரே காம்பவுண்டுக்குள்ள ஃப்ளோர், லேப், மாசச் சம்பளத்துக்கு ஆட்கள். ஒரு படம் எடிட்டிங்ல இருக்கும்போதே அடுத்த படத்துக்கு செட் எழும்பும். 1952லயே ஒரு அமெரிக்கக் கம்பெனியோட சேந்து ‘தி ஜங்கிள்’னு ஒரு படம் எடுத்திருக்காங்க, தமிழ்ல ‘காடு’. கதைல அழிஞ்சுபோன மாமத் யானை திரும்ப வரும். யானைக்கு ரோமம் போத்தி மாமத் ஆக்கிட்டாங்க! சேலத்துல இருந்து ஒரு சயின்ஸ் ஃபிக்ஷன் மாதிரி படம், அதுவும் 1952ல. நம்மாளுங்களுக்கு இந்த வகை கதை புதுசெல்லாம் இல்லீங்க.

காத்திருப்பு புதுசில்ல, ஞாபகம்தான் புதுசு

சரி, லேட்டுக்குக் காரணம் புரிஞ்சுது. ஆனா லேட் ஆனா ஏன் கோவம் வருது? காத்திருக்கறது நமக்குப் பழக்கம்தானே. பனமரத்துப்பட்டில சீசன்னா யாருக்கும் டிவி ஞாபகம் வராது, மாம்பழம்தான். பத்து மாசம் இருக்காது, யாரும் புலம்ப மாட்டாங்க. ஏன்னா வரும்னு தெரியும். அதோட, இந்த வருஷ மாம்பழம் சாப்பிட போன வருஷ மாம்பழத்தோட ருசி ஞாபகம் இருக்கணும்னு அவசியமில்ல.

இதே ஊர்ல அரளித் தோட்டம் நிறைய. அரளி தினம் பறிக்கணும், தினம் மார்க்கெட்டுக்குப் போகணும். நம்ம டிவி சீரியல் அந்த மாதிரி. ‘கோலங்கள்’ 2003ல இருந்து 2009 வரைக்கும் 1533 எபிசோட். எங்கம்மா அதுல எத்தனையோ நாள் விட்டிருப்பாங்க, கதை விட்டுப் போனதே இல்ல. மறக்கறதுக்கு டைமே குடுக்க மாட்டாங்க. மறந்தாலும் கேரக்டரே ஒருத்தர்கிட்ட ஒருத்தர் போன வாரக் கதையச் சொல்லிடும்.

ஆக, ரெண்டு வழி இருக்கு. அரளி மாதிரி தினம் வா, கதை எவ்ளோ நீளமா இருந்தாலும் பரவால்ல. இல்ல, மாம்பழம் மாதிரி எப்பவாவது வா, ஆனா ஒவ்வொரு தடவையும் முழுசா இரு. இப்ப பெரிய பட்ஜெட் சயின்ஸ் ஃபிக்ஷன் சீரிஸ் என்ன பண்ணுதுன்னா, மாம்பழம் மாதிரி எப்பவாவது வருது, ஆனா சீரியல் மாதிரி எல்லாத்தையும் ஞாபகம் வெச்சுக்கச் சொல்லுது. இதுதான் வலிக்குது.

செவரன்ஸ் முதல் சீசன், ஹீரோ ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடிச்சுக் கத்தற நொடில கட் ஆகுது. அருமையான முடிவு, அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. ஆனா ‘தொடரும்’ங்கறது நம்மகிட்ட வாங்கற கடன். ஒரு வாரக் கடன்னா ஜாலி, ஆபீஸ்ல பேசிட்டே ஓட்டிடலாம். மூணு வருஷக் கடன்னா கந்துவட்டி. திரும்ப வந்து குடுக்கும்போது நாம எதிர்பாக்கற தொகை எங்கேயோ போயிருக்கும்.

‘சுழல்’ அந்தக் கடனை வாங்கல. நிலா காணாமப் போன கேஸ் எட்டு எபிசோட்ல முடிஞ்சுது. நந்தினி ஜெயிலுக்குப் போற இழை மட்டும் மிச்சம். ரெண்டாவது சீசன் வேற ஊர், காளிபட்டினம். வேற திருவிழா, வேற கொலை. முதல் சீசன் பாதி மறந்துபோனவங்களும் உக்காந்து பாக்கலாம். ரெண்டாவது சீசன் முதல் அளவுக்கு நல்லா இருக்கான்னு தனியா சண்டை போடலாம். ஆனா நம்மள யாரும் ஏமாத்திட்டதா தோணல, பாருங்க.

அலுப்பும் இதேதான்

இப்ப அந்த இன்னொரு கூட்டம். ‘அலுத்துப் போச்சு’ங்கறவங்க. 2021 ஜனவரில இருந்து 2022 நவம்பருக்குள்ள மார்வெல் 7 படம், 8 சீரிஸ் விட்டாங்க. எண்ணிக்கை மட்டும் பிரச்சனையா? மாசம் நாலு தமிழ்ப் படம் பாக்கற ஆளுங்க நாம. பிரச்சனை என்னன்னா ஒண்ணைப் பாக்க இன்னொண்ணு தேவை. 2023ல வந்த ‘தி மார்வெல்ஸ்’ படத்துல மூணு ஹீரோயின். ஒருத்தங்க முந்தின படத்துல இருந்து, ஒருத்தங்க ‘வாண்டாவிஷன்’ சீரிஸ்ல இருந்து, ஒருத்தங்க ‘மிஸ் மார்வெல்’ சீரிஸ்ல இருந்து. படத்துக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு சீரிஸ் ஹோம்வொர்க். மார்வெல் படங்கள்லயே கம்மியா வசூல் பண்ணது அதுதான். அடுத்த வருஷமே டிஸ்னி தலைவர் பாப் ஐகர், வருஷத்துக்குச் சுமார் ரெண்டு சீரிஸ், மிஞ்சிப்போனா மூணு படம்னு குறைச்சுட்டார்.

இப்ப ரெண்டையும் சேத்துப் பாருங்க. லேட்டா வர்ற சீசன், பழசை ஞாபகம் வெச்சுக்கச் சொல்லுது. அடிக்கடி வர்ற ஃப்ராஞ்சைஸ், எல்லாத்தையும் படிச்சுட்டு வரச் சொல்லுது. ரெண்டுமே சுமையைப் பாக்கறவன் தலைல ஏத்துது. ரெண்டு புகாருக்கும் ஒரே காரணம்னு நான் சொன்னது இதைத்தான்.

இதுல இழக்கறது வெறும் கதை இல்ல. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ முதல் சீசனை காலேஜ் ஹாஸ்டல்ல ஆறு பேர் ஒரே லேப்டாப்ல பாத்தோம். ஸ்பீக்கர் சரியில்லாம ஆளுக்கொரு பக்கம் காதை வெச்சுக்கிட்டு. கடைசி சீசன் வரும்போது ஒருத்தன் ஜெர்மனில, ஒருத்தனுக்குக் குழந்தை, ரெண்டு பேர்கிட்ட பேச்சே இல்ல. கதைக்குள்ள 1983ல இருந்து 1989, ஆறு வருஷம்கூட முழுசா ஓடல. எங்களுக்கு ஒன்பது வருஷம். கதை முடிஞ்சப்போ, “மச்சி, பாத்தியா?”ன்னு கேக்க ஆள் தேட வேண்டியதாச்சு. கூடப் பாக்கறவங்க இருக்கும்போதே ஒரு கதை முடியறதும் ஒரு மரியாதைதான்.

முடிக்கத் தெரிஞ்சவங்க

எல்லாரும் இப்படித்தானா? இல்ல. ‘ஆண்டோர்’ எழுதின டோனி கில்ராய் முதல்ல அஞ்சு சீசன்னு ப்ளான் வெச்சிருந்தார். முதல் சீசன் எடுக்கும்போதே கணக்குப் போட்டுப் பாத்துட்டு, இந்த வேகத்துல அஞ்சு நடக்காதுன்னு ரெண்டாக் குறைச்சுட்டார். மிச்சம் இருந்த நாலு வருஷக் கதையை, வருஷத்துக்கு மூணு எபிசோட்னு ரெண்டாவது சீசன்ல அடக்கினார். மொத்தம் 24 எபிசோட், கதை முடிஞ்சுது. ஜெர்மன் சீரிஸ் ‘டார்க்’ மூணு சீசன், 26 எபிசோட்ல கதவைச் சாத்திட்டுப் போச்சு. தலை சுத்தற கதைதான், ஆனா அந்தரத்துல விடல.

நம்மகிட்டயும் உதாரணம் இருக்கு. சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வை ஆனந்த விகடன்ல வாராவாரம் எழுதினார். அப்ப அவர் பெங்களூரு பி.இ.எல்.ல முழுநேர எஞ்சினியர். ‘தொடரும்’னு போட்டா ஏழு நாள்ல தொடர்ந்துச்சு. அப்புறம்தான் ‘மீண்டும் ஜீனோ’. 90கள்ல வந்த ‘மர்மதேசம்’ இன்னொரு வழி காட்டுச்சு. ‘ரகசியம்’ ஒரு கதை, ‘விடாது கருப்பு’ வேற கதை. பேர் ஒண்ணு, கதை தனித்தனி. எங்க இருந்து வேணா ஏறிக்கலாம்.

எனக்கு உண்மையான கவலை இதுதான். தமிழ்ல சயின்ஸ் ஃபிக்ஷன் இன்னும் பந்தியே போடல. ‘எந்திரன்’ 2010, ‘2.0’ 2018. ‘இன்று நேற்று நாளை’ எடுத்த ரவிக்குமாரோட அடுத்த படம் ‘அயலான்’, 2018ல ஷூட்டிங் ஆரம்பிச்சு 2024 பொங்கலுக்குத்தான் வந்துச்சு. பசி அப்படியே இருக்கும்போது, பக்கத்து வீட்டு விருந்தோட அஜீரணம் நமக்கு வந்திருக்கு. “சயின்ஸ் ஃபிக்ஷனா? மக்களுக்கு அலுத்துடுச்சு”ன்னு ஒரு தயாரிப்பாளர் சொல்லிட்டா, எழுதி வெச்சிருக்கிற ஒரு பையனோட, ஒரு பொண்ணோட ஸ்க்ரிப்ட் அப்படியே கிடக்கும். அலுத்தது ஹோம்வொர்க்தான். ‘இன்று நேற்று நாளை’ல ஒரே ஒரு டைம் மெஷின், ரெண்டு ஃப்ரெண்ட்ஸ், ஒரே படத்துல கதை முடிஞ்சுது. அதை அலுப்புன்னு யாராவது சொன்னாங்களா?

இனிமே என்ன பண்ணலாம்?

புது சீரிஸ் ஆரம்பிக்கும் முன்னாடி நான் மூணு கேள்வி கேக்கறேன். ஒண்ணு, இந்த சீசனோட கேள்விக்கு இந்த சீசன்லயே பதில் இருக்கா? ரெண்டு, மொத்தம் எத்தனை சீசன்னு எடுக்கறவங்களே சொல்லிட்டாங்களா? மூணு, இதைப் பாக்க வேற எதையாவது பாத்திருக்கணுமா? முதல் ரெண்டுல ஒண்ணுக்காவது ‘ஆமா’ன்னு வந்தா, மூணாவதுக்கு ‘இல்ல’ன்னு வந்தா, தாராளமா ஆரம்பிங்க. இல்லைன்னா முழுக்க முடியட்டும்னு லிஸ்ட்ல போட்டு வைங்க. பாதில விட்டுட்டாலும் குத்தமில்ல. மூணு வருஷம் காக்க வெச்சது அவங்க, ரீகேப் வீடியோ பாத்து பரீட்சைக்குப் படிக்கற கடமை நமக்கு இல்ல.

எழுதறவங்க யாராவது கேட்டுட்டு இருந்தா ஒரே வேண்டுகோள். பிரபஞ்சம் எல்லாம் அப்புறம் கட்டலாம். முதல்ல ஒரு கதை சொல்லி முடிங்க. நல்லா இருந்தா நாங்களே வந்து அடுத்தது எங்கன்னு கேப்போம்.

அப்ப மக்களே, முடிவு தெரியாம நீங்க பாதில விட்ட சீரிஸ் எது, ஏன் விட்டீங்கன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள இருக்கட்டும். அடுத்த எபிசோட் வழக்கம்போல வெள்ளிக்கிழமை. ஆமா, அடுத்த வெள்ளிக்கிழமையேதான்.