நாயின் வாய் நாறினால் இதயம் கெடுமா?

நாய்க்குப் பல் துலக்காவிட்டால் இதயம் கெட்டுவிடும் என்ற எச்சரிக்கை பரவலாகக் காதில் விழுகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் சான்றுகள் அவ்வளவு தூரம் போகவில்லை. பல்லைக் கவனிக்கச் சொல்ல இதயத்தைக் காட்டி மிரட்டவும் வேண்டியதில்லை.

ஈறுக்கு அடியில் நடப்பது

துலக்காத பல்லில் ஒரு நாளுக்குள் பாக்டீரியாப் படலம் படிகிறது. எச்சிலிலுள்ள கால்சியம் சேர்ந்து, சில நாள்களில் அது பிரஷுக்கு அசையாத காரையாகிறது. படலம் ஈறுக்கு அடியில் இறங்கியதும் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்குகிறது. பெரும்பாலான நாய்களுக்கு மூன்று வயதுக்குள்ளேயே இது ஆரம்பித்துவிடுகிறது. புண்பட்ட ஈறு வழியாகப் பாக்டீரியா ரத்தத்தில் கலக்கும் என்பதும் உண்மை. உடல் அதைப் பெரும்பாலும் உடனே அழித்துவிடும். தப்பியது இதய வால்வில் தங்கினால் எண்டோகார்டைட்டிஸ் என்ற கடுமையான தொற்று வரலாம் என்பதுதான் வாதம்.

ஒரே ஆண்டில் இரு முடிவுகள்

2009இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஈறு நோயுள்ள 59,296 நாய்களையும் அதே எண்ணிக்கையில் நோயற்றவற்றையும் ஒப்பிட்ட ஒன்று, ஈறு நோய் முற்ற முற்ற எண்டோகார்டைட்டிஸும் இதயத்தசை நோயும் அதிகம் பதிவானதாகக் கூறியது. எண்டோகார்டைட்டிஸ் கண்ட 76 நாய்களை மற்ற 80 நாய்களோடு ஒப்பிட்ட இன்னொன்று, வாய்த் தொற்றுக்கும் அதற்கும் தொடர்பே காணவில்லை. முதல் ஆய்வின் எண்ணிக்கை பெரிது என்பதற்காக அதை மட்டும் நம்பலாமா? பெரிய எண்ணிக்கை தொடர்பைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. நாய்களிடம் மிக அதிகம் காணப்படும் இதய நோய் மைட்ரல் வால்வு தடித்துக் கசிவது. அது தொற்றல்ல, பரம்பரையும் முதுமையும் சேர்ந்த தேய்மானம். அதிகம் தாக்குவது வயதான சிறிய இன நாய்களை. நெருக்கமான பற்களால் ஈறு நோய்க்கும் அவையே முதலில் ஆளாகின்றன. ஒரே நாய்க்கு இரண்டும் வருவதில் வியப்பென்ன?

பிறகு ஏன் துலக்க வேண்டும்?

ஏனென்றால் ஈறு நோயே போதுமான துன்பம். நாய் வலியை மறைத்துக்கொண்டு தின்னும். தின்கிறதே என்று நாமும் விட்டுவிடுகிறோம். எலும்பு கடித்தால் பல் சுத்தமாகிவிடும் என்பார்கள். கெட்டியான எலும்பு பல்லையே உடைக்கும். மயக்க மருந்துக்குப் பயந்து, மயக்கமில்லாமல் காரையைச் சுரண்டிவிடுவதும் உண்டு. பல் வெள்ளையாகும், ஈறுக்கு அடியிலுள்ள நோய் அப்படியே இருக்கும். இதய நோயுள்ள நாய்க்கு அந்தப் பயம் நியாயமானதே; முன்கூட்டிப் பரிசோதித்து, கண்காணிப்போடு மயக்கம் கொடுக்க மருத்துவரால் முடியும். மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்யும் நிலையைத் தள்ளிப்போட வீட்டில் தினமும் துலக்குவதுதான் வழி. நாய்க்கென்று விற்கும் பேஸ்ட்டை மட்டுமே வாங்குங்கள்: நம் பேஸ்ட் சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு.