650 மி.லி. பீர் லாபமா, 330 மி.லி. நல்லதா? ‘ஒரு பீர்தானே’ என்பதற்குள் ஒளிந்திருக்கும் கணக்கு!

டாஸ்மாக் கவுன்ட்டரில் பீர் வாங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, கூலிங் இருக்கா?" என்பதுதான். ஸ்ட்ராங்கா, மைல்டா என்பது அடுத்தது. பாட்டில் எத்தனை மி.லி. என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் விலை, சுவை, போதை, போலீஸ் சோதனை, தெருவில் கிடக்கும் காலி பாட்டில் என எல்லாவற்றிலும் அந்த அளவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பெரிய பாட்டில், சின்ன பாட்டில், கேன்... எதில் என்ன ப்ளஸ், என்ன மைனஸ்? விரிவாகப் பார்க்கலாம்.

என்னென்ன அளவுகளில் பீர் கிடைக்கிறது?

இந்தியாவில் அதிகம் புழங்குவது 650 மி.லி. பெரிய பாட்டில். அடுத்தது 330 மி.லி. சின்ன பாட்டில். சில நிறுவனங்கள் இதை 325 மி.லி. அளவிலும் தருகின்றன. கேன் என்றால் 330 மி.லி., 500 மி.லி. என இரண்டு அளவுகள்.

சின்ன பாட்டிலை நம்ம ஊரில் ‘பின்ட்’ என்று சொல்வது வழக்கம். ஆனால் பிரிட்டனில் ஒரு பின்ட் என்றால் 568 மி.லி. பெயர் ஒன்றுதான், அளவு வேறு.

மற்ற நாடுகளிலும் ஆளுக்கொரு கணக்குதான். அமெரிக்காவில் வழக்கமான பாட்டில் 355 மி.லி., ஆஸ்திரேலியாவில் 375 மி.லி., ஜெர்மனியில் 500 மி.லி., ஜப்பானின் பெரிய பாட்டில் 633 மி.லி. அதனால் "ஒரு பீர் குடித்தேன்" என்று அமெரிக்காவில் ஒருவர் சொல்வதும் சென்னையில் ஒருவர் சொல்வதும் ஒன்றல்ல. நம்ம ஊர் ‘ஒரு பீர்’ கிட்டத்தட்ட அவர்களின் இரண்டு பீர்!

650 மி.லி. பாட்டில்: ப்ளஸ் என்ன?

முதல் காரணம் காசு. ஒரே பிராண்டில் பெரிய பாட்டில் வாங்கினால், பொதுவாக மி.லி.க்கு ஆகும் செலவு குறையும். ஒரு உதாரணத்துக்கு 650 மி.லி. 200 ரூபாய், 330 மி.லி. 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 மி.லி.க்கு பெரிய பாட்டிலில் சுமார் 31 ரூபாய் ஆகிறது. சின்ன பாட்டிலில் சுமார் 36 ரூபாய். கடையில் உண்மையான விலையை இதேபோல மி.லி.யால் வகுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

இரண்டாவது, கண்ணாடி மிச்சம். பாட்டிலின் கொள்ளளவு இரண்டு மடங்கானாலும் அதற்குத் தேவையான கண்ணாடி இரண்டு மடங்காவதில்லை. ஒரு லிட்டர் பீருக்கு எவ்வளவு கண்ணாடி, எத்தனை மூடி, எத்தனை லேபிள் என்று கணக்கு போட்டால் பெரிய பாட்டில்தான் சிக்கனம்.

மூன்றாவது, மறுபயன்பாடு. பிரவுன் நிற 650 மி.லி. பாட்டில்கள் காயலான் கடை வழியாகச் சேகரிக்கப்பட்டு, ஆலைக்குத் திரும்பி, கழுவி மீண்டும் நிரப்பப்படுகின்றன. பாட்டிலின் தோள் பகுதியிலும் அடியிலும் வெள்ளையாகத் தேய்ந்த வளையம் தெரிந்தால், அது பலமுறை சுற்றி வந்த பாட்டில் என்று அர்த்தம்.

மைனஸ் என்ன?

பெரிய பாட்டிலின் பெரிய பிரச்சினை அதன் மூடியில் இருக்கிறது. பீர் பாட்டிலின் ‘கிரவுன்’ மூடியை அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் கண்டுபிடித்து 1892-ல் காப்புரிமை பெற்றார். கேஸை வெளியே விடாமல் பிடித்து வைப்பதில் இதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனால் ஒருமுறை திறந்தால் திரும்ப மூட முடியாது.

குவார்ட்டர் பாட்டிலில் திருகு மூடி இருக்கும். பாதியை மூடி வைத்துவிட்டு நாளைக்கு எடுக்கலாம். பீரில் அது நடக்காது. வைத்தால் கேஸ் போய் சப்பென்று ஆகிவிடும். "திறந்தாச்சு, வீணாக்க வேண்டாம்" என்று போதும் என்ற பிறகும் குடித்து முடிப்பவர்கள்தான் அதிகம். அதாவது, நீங்க எவ்வளவு குடிக்கணும் என்பதை நீங்க முடிவு செய்வதில்லை, பாட்டில் முடிவு செய்கிறது.

சுவையிலும் அடி விழும். திறந்த 650 மி.லி.யைக் குடித்து முடிக்க நேரமாகும். நம்ம ஊர் வெயிலில் கடைசி கிளாஸ் சூடேறி, நுரை இறங்கி, முதல் கிளாஸுக்கு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். கூலிங் போயிடுமே என்ற அவசரத்தில் வேகமாகக் குடிப்பது இன்னும் மோசம்.

சின்ன பாட்டில் எப்படி?

330 மி.லி. சீக்கிரம் குளிரும், சூடேறுவதற்குள் முடிந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியம், அது முடிந்ததும் ஒரு இடைவெளி கிடைக்கிறது. "இன்னொன்னு வேணுமா?" என்று யோசிக்க ஒரு வாய்ப்பு. பெரிய பாட்டிலில் அந்தக் கேள்வியே வராது.

குறைகளும் உண்டு. மி.லி.க்கு விலை அதிகம், லிட்டருக்கு கண்ணாடிக் குப்பையும் அதிகம். பல கடைகளில் எல்லா பிராண்டும் இந்த அளவில் கிடைப்பதில்லை. "சின்னதுதானே" என்று இரண்டு வாங்கினால் 660 மி.லி. ஆகிவிடும். பெரிய பாட்டிலைத் தாண்டியாச்சு, காசும் கூடுதல்.

கேன் வாங்கலாமா?

பீருக்கு வெளிச்சம் ஆகாது. அதில் உள்ள ஹாப்ஸ் என்ற கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் மாறி, ஒரு கெட்ட வாடையை உண்டாக்கும். பிரவுன் பாட்டில் இதை நன்றாகத் தடுக்கும். பச்சை, வெள்ளைக் கண்ணாடி அந்த அளவுக்குத் தடுக்காது. கேனுக்குள் வெளிச்சமே போகாது என்பதால் இந்த விஷயத்தில் அதுதான் முதலிடம். எடை குறைவு, சீக்கிரம் குளிரும், கீழே விழுந்தாலும் கண்ணாடி மாதிரி சிதறாது.

ஆனால் கேனைக் கழுவி மறுபடி நிரப்ப முடியாது, உருக்கித்தான் புதிதாகச் செய்ய வேண்டும். இதிலும் திரும்ப மூடும் வசதி இல்லை.

பாட்டிலோ கேனோ, அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்துவிடாதீங்க. உறையும்போது பீர் விரிவடைவதால் பாட்டில் வெடிக்கலாம், கேன் பிதுங்கிக் கிழியலாம்.

‘பீர்தானே’ என்பது சரியா? இதோ கணக்கு

போதையைத் தீர்மானிப்பது அளவு மட்டும் அல்ல. அளவையும் லேபிளில் உள்ள ஆல்கஹால் சதவீதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்திய விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை இருந்தால் அது ஸ்ட்ராங் பீர். இந்தியாவில் அதிகம் விற்பதும் இதுதான்.

கணக்கு எளிது. மி.லி.யை சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் தூய ஆல்கஹால் எத்தனை மி.லி. என்று வரும். அதை 0.79-ஆல் பெருக்கினால் கிராம். அதன்படி:

• 330 மி.லி., 5 சதவீதம்: 13 கிராம்
• 330 மி.லி., 8 சதவீதம்: 21 கிராம்
• 500 மி.லி., 5 சதவீதம்: 20 கிராம்
• 500 மி.லி., 8 சதவீதம்: 32 கிராம்
• 650 மி.லி., 5 சதவீதம்: 26 கிராம்
• 650 மி.லி., 8 சதவீதம்: 41 கிராம்

இப்போது இதை சரக்கோடு ஒப்பிடுவோம். 42.8 சதவீதம் ஆல்கஹால் உள்ள 180 மி.லி. குவார்ட்டரில் சுமார் 61 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதில் பாதியான ‘கட்டிங்’ என்றால் சுமார் 30 கிராம். ஆக, ஒரு பெரிய ஸ்ட்ராங் பீர் என்பது ஒரு கட்டிங்கை விட அதிகம். குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு! "நான் சரக்கு அடிக்க மாட்டேன், பீர் மட்டும்தான்" என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பிரிட்டன் அரசு மருத்துவ ஆலோசனைப்படி வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டக் கூடாது. ஒரு யூனிட் என்றால் 10 மி.லி. தூய ஆல்கஹால். 8 சதவீத 650 மி.லி. பாட்டில் ஒன்றில் 5.2 யூனிட் இருக்கிறது. வாரத்தில் மூன்று பாட்டில் குடித்தாலே அந்த எல்லை தாண்டிவிடும்.

கலோரியையும் விட்டுவிட முடியாது. ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி. அந்த ஒரு பாட்டிலில் ஆல்கஹாலிலிருந்து மட்டும் 280 கலோரிக்கு மேல் உடம்பில் சேர்கிறது. மாவுச்சத்து, சைட் டிஷ் எல்லாம் தனிக் கணக்கு.

ஒரு பாட்டில் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால்?

மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மீண்டும் சிக்கினால் 15,000 ரூபாய் அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

70 கிலோ எடையுள்ள ஒரு ஆணை எடுத்துக்கொள்வோம். தோராயக் கணக்குப்படி 650 மி.லி. மைல்டு பீர் அவர் ரத்தத்தில் 50 மில்லிகிராமைத் தாண்ட வைக்கும். அதுவே ஸ்ட்ராங் என்றால் 80-ஐத் தாண்டும். சின்ன ஸ்ட்ராங் பாட்டில் ஒன்றே எல்லையைத் தாண்டப் போதும். சின்ன மைல்டு பாட்டில்கூட எல்லைக்கு மிக அருகில் வந்து நிற்கும். எடை குறைவானவர்களுக்கும் பெண்களுக்கும் இந்த அளவு இன்னும் கூடும்.

உடல் ஆல்கஹாலைக் குறைக்கும் வேகம் மணிக்கு சுமார் 15 மில்லிகிராம்தான். ஒரு பெரிய ஸ்ட்ராங் பீருக்குப் பிறகு சட்ட எல்லைக்குள் வரவே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். மோர், எலுமிச்சை ஜூஸ், காபி எதுவும் இதை வேகப்படுத்தாது. "ஒரு பீர்தானே, ஓட்டிடலாம்" என்பதற்கு எந்த பாட்டில் அளவிலும் இடமில்லை.

காலி பாட்டில் எங்கே போகிறது?

வயல்வெளி, ஆற்றங்கரை, காட்டுப்பாதை என உடைந்த பாட்டில்கள் விவசாயிகளின் காலையும் கால்நடைகளின் காலையும் கிழிப்பது தமிழ்நாட்டில் பழைய புகார். மலைப் பகுதிகளில் யானைகளும் இதில் காயமடைவது சென்னை உயர் நீதிமன்றத்தில் பேசப்பட்டது. நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு, 2022-ல் நீலகிரி மாவட்டத்தில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் அதைத் திருப்பித் தருவதுதான் திட்டம். பின்னர் இது மற்ற மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

இங்கே கணக்கு மி.லி.க்கு இல்லை, பாட்டிலுக்கு. ஒரு பெரிய பாட்டிலுக்குப் பதில் இரண்டு சின்னது வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இரண்டு. சுற்றுச்சூழல் என்று பார்த்தால் திரும்பி வரும் பெரிய பாட்டிலுக்குத்தான் மதிப்பெண். ஆனால் திருப்பிக் கொடுக்காமல் வீசினால், எந்த அளவாக இருந்தாலும் அது கண்ணாடித் துண்டுதான்.

கடைசியில் எது பெட்டர்?

காசும் கண்ணாடியும் மிச்சமாக வேண்டும் என்றால் 650 மி.லி. ஆனால் அது ஒருவருக்கான அளவு அல்ல, இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் அளவு. குடிக்கும் அளவு குறைய வேண்டும் என்றால் 330 மி.லி. மைல்டு, அதுவும் ஒன்றோடு நிறுத்தினால் மட்டும். சின்ன பாட்டிலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சில ரூபாய், போதும் என்று நிறுத்துவதற்கான விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

உடல்நலம் என்று கேட்டால் பதில் வேறு. மது விஷயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் ‘சின்ன பாட்டில்தானே’ என்று தொடங்க எந்தக் காரணமும் இல்லை. தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைவானவர்களுக்கு மது விற்பதும் சட்டவிரோதம்.

குடியை நிறுத்த நினைத்தும் முடியாமல் தவிப்பவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

(மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்.)