மகள் கணினிப் பொறியியல் படிக்கப் போகிறாளா?

“பிள்ளைக்குக் கெம்பஸ் கிடைத்துவிட்டது!” இந்த ஒரு வரியைச் சொல்வதற்காக எத்தனை உம்மாமார் எத்தனை வருடம் காத்திருக்கிறார்கள்! சொன்ன அன்று வீட்டில் பெருநாள்தான். “என்ன படிக்கப் போகிறா?” என்று யாராவது கேட்டால், “கணினிப் பொறியியல்” என்று பெருமையோடு பதில் வரும். “அதில் என்னென்ன படிக்க வேண்டும்?” என்று மேலும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். “கம்ப்யூட்டர்தான்!” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

மன்னார் மாவட்டத்தின் பெரியமடுவை எடுத்துக்கொள்வோம். விடத்தல்தீவுக் கரையிலிருந்து உள்ளே தள்ளி, குளத்தையும் வயலையும் நம்பி வாழும் முஸ்லிம் கிராமம் அது. 1990 ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இந்த ஊரும் வெறிச்சோடியது. ஒரு தலைமுறை புத்தளத்து அகதி முகாம்களில் வளர்ந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பிறகுதான் காடாகிக் கிடந்த காணிகளைத் துப்புரவாக்கி மக்கள் திரும்பக் குடியேறினார்கள். இப்படியான ஊரிலிருந்து ஒரு பெண்பிள்ளை பொறியியல் பீடத்துக்குப் போகிறாள் என்றால், அவளுக்கு முன்னால் அந்தப் பாதையில் நடந்த நானாவோ ராத்தாவோ வீட்டில் இருப்பது அரிது. நகரத்துப் பிள்ளைக்கு ஒரு மாமா அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடும் விடயத்தை, இவள் ஒரு பரீட்சையில் விழுந்தெழுந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த மாமாவின் வேலையை இங்கே கொஞ்சம் செய்து பார்க்கலாம்.

ஏ.எல். வகுப்பிலேயே தொடக்கம்

பத்தாம் பதினோராம் வகுப்பில் பிள்ளை இருக்கும் வீடுகள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். கம்ப்யூட்டர் படிக்க வேண்டுமானால் ஏ.எல்.இல் தகவல் தொழில்நுட்பப் பாடம் எடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நியாயமான நினைப்புத்தான், ஆனால் பொறியியலுக்கு அது செல்லாது! இலங்கை அரச பல்கலைக்கழகங்களின் பொறியியல் பீடங்களுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். இரசாயனவியல் கஷ்டமென்று அதை விட்டு தகவல் தொழில்நுட்பத்தை எடுத்த பிள்ளைக்குக் கணினி விஞ்ஞானம் போன்ற வேறு பட்டப்படிப்புகள் திறந்திருக்கின்றன. அவையும் நல்ல படிப்புகளே. ஆனால் பொறியியல் வாசல் மூடிவிடும். தொழில்நுட்பப் பிரிவில் படித்துப் பெறும் ‘பொறியியல் தொழில்நுட்ப’ப் பட்டமும் வேறு. பெயர்கள் ஒன்றுபோல் இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது.

அனுமதியைப் பொறுத்தவரை, கல்வியில் பின்தங்கியவை என்று அரசு வகுத்திருக்கும் 16 மாவட்டங்களில் மன்னாரும் ஒன்று. மொத்த இடங்களில் 5 சதவீதம் இந்த மாவட்டங்களுக்கென்று கூடுதலாக ஒதுக்கப்படுகிறது. கதவு கொஞ்சம் அகலம்தான். உள்ளே போன பிறகு எல்லாருக்கும் ஒரே வினாத்தாள், அதுவும் ஆங்கிலத்தில்.

முதல் வருடம் ஓய்வு வருடமா?

ஏ.எல்.இல் இரவும் பகலும் படித்த பிள்ளை, ‘இனிக் கொஞ்சம் மூச்சு விடலாம்’ என்று முதல் வருடத்தில் தளர்ந்துவிடுவது இயல்பு. வீட்டில் நாமும், “பாவம், களைத்துப் போயிருக்கிறா” என்போம். ஆனால் விஷயம் என்ன தெரியுமா? பேராதனைப் பொறியியல் பீடத்தில் நீண்ட காலமாக முதல் வருடம் எல்லாருக்கும் பொதுவாக இருந்து வந்திருக்கிறது. குடிசார், மின், இயந்திர, இரசாயன, கணினி என்று துறை பிரிவது அதன் பிறகுதான். பிரிப்பது பிள்ளையின் விருப்பத்தையும், அவள் அதுவரை எடுத்த ஜி.பி.ஏ. என்னும் சராசரிப் புள்ளியையும் வைத்து. மொறட்டுவையிலும் இதே வழக்கம். அங்கே பொதுப் பகுதி இன்னும் குறுகியது. கணினித் துறைக்குப் போட்டி அதிகம். அதாவது, ‘கணினிப் பொறியியல் கிடைத்துவிட்டது’ என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்த பிள்ளைக்கு உண்மையில் கிடைத்திருப்பது பொறியியல் பீடம் மட்டுமே. துறை இன்னும் கிடைக்கவில்லை!

நம் வடக்கிலேயே, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்கே கணினிப் பொறியியல் துறையும் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் பீடம் இருக்கிறது. பெண்பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் வீடுகள் இவற்றை விசாரிக்கலாம். எந்தப் பீடமானாலும் துறை எப்போது, எந்த விதிப்படி பிரிகிறது என்று சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எது எதைப் பிடித்து நிற்கிறது?

ஒரு பெரிய தாளை எடுத்து நான்கு வருடங்களுக்கு எட்டுக் கட்டங்கள் போடுங்கள். ஒரு கட்டம் ஒரு செமஸ்டர். மகள் பக்கத்திலிருந்து, பீடத்துக் கையேட்டைப் பார்த்து, பாடங்களின் பெயர்களை எழுதட்டும். எழுதி முடித்ததும், எந்தப் பாடத்தைப் படிக்காமல் எந்தப் பாடத்தைத் தொட முடியாது என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். தாளின் உண்மையான உபயோகமே இந்த அம்புகள்தான்.

உதாரணத்துக்கு, முதலில் ‘இலக்கச் சுற்று வடிவமைப்பு’ என்றொரு பாடம் வரும். பூச்சியம், ஒன்று என்ற இரண்டே எண்களை வைத்து மின்சுற்றால் எப்படிக் கணக்குப் போடுவது என்பதுதான் விஷயம். பார்க்கச் சின்னப் பாடம். ஆனால் அடுத்து வரும் ‘கணினிக் கட்டமைப்பு’ அதன்மேல்தான் நிற்கிறது. பேராதனையில் அந்தப் பாடத்தின் ஆய்வுகூடப் பயிற்சியாக மாணவர்களே வெரிலாக் என்ற மொழியில் ஒரு சிறிய செயலியை வடிவமைத்து வந்திருக்கிறார்கள். சுற்று புரியாத பிள்ளை அங்கே என்ன செய்யும்? அதற்கும் மேலே ‘உட்பொதி அமைப்புகள்’ வருகிறது. சலவை இயந்திரத்துக்குள்ளும், ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் காட்டும் கருவிக்குள்ளும் இருக்கும் சின்னஞ்சிறு கணினியைப் பற்றிய படிப்பு அது. கணினி விஞ்ஞானத்துக்கும் கணினிப் பொறியியலுக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் இந்தச் சங்கிலியில்தான் தெரியும். பொறியியல் படிப்பவள் மென்பொருளோடு அது ஓடும் பொருளையும் கற்க வேண்டும்.

இன்னொரு சங்கிலி நிரல் எழுதுவதில் தொடங்குகிறது. சி, பைதான், ஜாவா போன்ற ஏதாவது மொழியில் முதல் பாடம். அடுத்தது தரவுக் கட்டமைப்புகளும் அல்கோரிதங்களும். பிறகு தரவுத்தளம், இயக்க முறைமை, வலையமைப்பு, பாதுகாப்பு என்று போகும். (அல்கோரிதம் என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள். பாடம் கொஞ்சம் சொந்தமாகத் தெரியும்!) முதல் பாடத்தை நண்பியின் விடையைப் பார்த்து எழுதி ஒப்பேற்றியவள், மூன்றாம் வருடத்தில் ஒரே நேரத்தில் நான்கு இடங்களில் மாட்டிக்கொள்வாள்.

கணிதத்துக்கு எல்லாத் திசைகளிலும் அம்பு போகும். நேரியல் அட்சரகணிதம் தெரியாமல் இயந்திரக் கற்றல் இல்லை; நிகழ்தகவு தெரியாமல் வலையமைப்பும் சமிக்ஞையும் இல்லை. “கம்ப்யூட்டர் படிப்பில் இவ்வளவு கணக்கு ஏன்?” என்று பிள்ளை அலுத்துக்கொண்டால் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

உலகம் முழுவதும் இந்தச் சங்கிலி ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவின் ஏ.சி.எம்., ஐ.இ.இ.இ. என்ற இரு சங்கங்கள் கணினிப் பொறியியலுக்காக 2004இலும் 2016இலும் மாதிரிப் பாடத்திட்டங்களை வெளியிட்டன. 2016ஆம் ஆண்டுத் திட்டம் 12 அறிவுப் பகுதிகளைச் சொல்கிறது. சுற்றும் கட்டமைப்பும் உட்பொதி அமைப்பும் அதிலும் உண்டு.

கல்யாண வீடும் ஆய்வுகூடமும்

இனி உம்மாமார் பக்கம் வருவோம். ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள். மூத்த மகனுக்குக் கல்யாணம். உம்மா போனில் பேசுகிறார்.

“மகள், நானாட கல்யாணம் வியாழக்கிழமை. ஒரு கிழமைக்கு முன்னுக்கே வந்தாத்தானே வேலையைப் பார்க்கலாம்?”

“உம்மா, அந்தக் கிழமை ரெண்டு லேப் இருக்கு. பிறகு பரீட்சை.”

“லேப்தானே! பிறகு செய்யலாம்.”

உம்மாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பிறகு செய்ய முடியாது என்பதுதான் சிக்கல். பொறியியல் பீடங்களில் பொதுவாக 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க விடுவதில்லை. பரீட்சை தவறினால், அநேகமான பாடங்கள் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடத்தப்படுகின்றன. அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். மீண்டும் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பொதுவாக ‘சி’ தரத்துக்கு மேல் கிடைப்பதில்லை. தவறியது அம்பு புறப்படும் பாடமாக இருந்தால் அதன் பின்னால் உள்ளவையும் தள்ளிப்போகும். ஒரு கிழமைக் கல்யாண வேலை ஒரு வருடத்தைச் சாப்பிட்டுவிடலாம்! உண்மையான சுகவீனமென்றால் மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் கொடுத்து, அதை முதல் தடவையாகவே கணக்கிடச் செய்ய வழி உண்டு. கல்யாணத்துக்கு அந்த வழி இல்லை.

“நாளைக்கு மூன்று மணித்தியாலம்தான் விரிவுரை என்கிறா, மிச்ச நேரம் என்ன செய்கிறா?” என்று வாப்பாமார் கேட்பதுண்டு. கணக்குப் பார்ப்போம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது, விரிவுரை, சொந்தப் படிப்பு, பயிற்சி எல்லாம் சேர்ந்து 50 மணித்தியால உழைப்பு. ஒரு செமஸ்டருக்கு 18 கிரெடிட் எடுத்தால் 900 மணித்தியாலம். விரிவுரை, படிப்பு விடுமுறை, பரீட்சை எல்லாம் சேர்ந்து 18 வாரம் என்று வைத்தால், கிழமைக்கு 50 மணித்தியாலம் வருகிறது. ஒரு முழுநேர வேலையை விட அதிகம்! விடுமுறைக்கு வந்த பிள்ளை நாள் முழுக்கத் தூங்கினால் விட்டுவிடுங்கள்.

மூன்றாம் வருடத்துக்குப் பிறகு

சங்கிலிப் பாடங்கள் முடிந்த பிறகுதான் தெரிவுப் பாடங்கள் வருகின்றன. இங்கே பிள்ளைகள் செய்யும் தவறு, ‘எது சுகமாகப் பாஸ்’ என்று சீனியர்மாரிடம் கேட்டு எடுப்பது. பேராதனை, மொறட்டுவை போன்ற இடங்களில் முதல் வகுப்புக்கு 3.70 ஜி.பி.ஏ. வேண்டும் என்பதால் அந்த ஆசை புரிகிறது. ஆனால் கடைசி வருட ஆய்வுத் திட்டத்தை எந்தத் துறையில் செய்யப் போகிறாளோ, அதற்கு ஒத்தாசையான பாடங்களை எடுப்பதே புத்தி. வேலைக்குப் போகும் இடத்தில் அந்தத் திட்டத்தைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

கைத்தொழில் பயிற்சி என்று சில மாதங்கள் வரும். பட்டத்துக்கு அது கட்டாயம். வேண்டாம் என்று விட முடியாது. கணினித் துறையில் பயிற்சி கொடுக்கும் கம்பனிகள் பெரும்பாலும் கொழும்பில்தான். “கெம்பஸ் விடுதியென்றால் சரி, கொழும்பில் போடிங்கில் எப்படித் தனியே?” என்று கடைசி நேரத்தில் வீடு தடுமாறுவதைத் தவிர்க்க வேண்டும். அது எந்த செமஸ்டரில் வருகிறது என்பதை முதல் நாளே தாளில் சிவப்பில் எழுதிவிட்டால், கூடவே போகும் தோழியையும், நம்பகமான வீட்டையும், செலவையும் ஒரு வருடம் முன்பே பார்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வீட்டார் பேச வந்தாலும் அந்தத் தாளை அவர்கள் முன்னால் வையுங்கள். “நான்காம் வருடம் எங்கள் வீட்டிலிருந்து படித்துக்கொள்ளட்டும்” என்று அன்போடுதான் சொல்வார்கள். ஆனால் கடைசி வருட ஆய்வுத் திட்டம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை. பீடத்தில் இருந்துதான் செய்ய வேண்டும்.

பணம் கொடுத்துத் தனியார் நிறுவனத்தில் படிப்பிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். அந்தப் பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா? அந்த நிறுவனம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பானது. அதன் அங்கீகாரம் பெற்ற பட்டத்தை உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளும் ஒத்த தரமாக ஏற்கின்றன.

ஏ.எல். முடிந்து பீடம் தொடங்கும் வரை பல மாதங்கள், சில வேளை ஒரு வருடத்துக்கும் மேல், வீணே போகும். அந்தக் காலத்தில் தையல் பழகட்டும், சமையல் பழகட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அவற்றோடு தினமும் ஒரு மணித்தியாலம் ஆங்கிலத்தில் ஒரு பௌதிகவியல் புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். தமிழில் தெரிந்த விஷயத்தை ஆங்கிலச் சொல்லில் கேட்டால் முதல் செமஸ்டரில் காது பழகியிருக்கும். பழைய மடிகணினி ஒன்று கிடைத்தால் சி மொழியைத் தானாகவே பழகத் தொடங்கலாம். அதற்கு வேண்டிய மென்பொருள் இலவசம்.

தாளின் வலது பக்கம் ஓர் ஓரத்தை வீட்டுக்காக விட்டு வையுங்கள். பெருநாட்கள், பெரும்போக அறுவடை, நானாவின் கல்யாணம், வாப்பாவின் கண் ஆபரேஷன் எல்லாம் அதில் வரட்டும். ஒவ்வொரு செமஸ்டர் கால அட்டவணை வந்ததும் மகளும் நீங்களும் போனில் பேசிக்கொண்டே இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பிரதி அவளுடைய விடுதி அறையில், ஒரு பிரதி உங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால்.