முதலில் ரப்பரைப் பாருங்கள்

ஜெராம் சந்திப்பில் சிவப்பு விளக்கு. கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்துவிட்டேன். சுற்று காட்டும் முள் 800-இல் சும்மா நிற்க வேண்டும். ஆனால் 1,500 வரை ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்காரர், போட்டிக்குத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஒரு பார்வை பார்த்தார்.

என்னுடைய பழைய சாத்ரியா ஜிடிஐ இந்தக் கூத்தை ஒரு மாதம் ஆடியது. முதல் போமன் ஐடலிங் வால்வு என்றார், மாற்றினேன். இரண்டாமவர் சென்சார் என்றார், அதையும் மாற்றினேன். மூன்றாமவர் கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னார். கையில் காசு இல்லாததால் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து, பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு பாட்டில் தண்ணீரில் கரைத்து, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்டேக் பக்கத்துக் குழாய்களில் ஒவ்வொன்றாகத் தெளித்தேன் (வயர் சாக்கெட்டுகளையும் சூடான எக்ஸாஸ்டையும் விட்டுவிட வேண்டும்). பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், சுண்டுவிரல் தடிமனில் ஒரு வேக்குவம் குழாய். அதன் நுனியில் பட்டதும் நுரை உள்ளே போனது, முள் சட்டென்று அடங்கியது. நுனி வெடித்திருந்தது. ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியை மாட்டினேன். வேலை முடிந்தது. மாற்றிய பாகங்களுக்குக் கொடுத்த வெள்ளி திரும்பி வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இஞ்சினுக்குள் போகும் காற்றை அளந்துதான் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊற்றுகிறது. வெடிப்பு வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைந்தால் அது கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்கும். அந்தத் திருத்தம்தான் முள்ளின் ஏற்ற இறக்கம்.

சாத்ரியா என்ற பெயரில் நம்முடைய சத்திரியன்தான் மலாய்க்குப் போயிருக்கிறான். 1994-இல் மிட்சுபிஷி காடி ஒன்றை அடிப்படையாக வைத்துப் புரோட்டோன் கொண்டுவந்த மூன்று கதவுக் காடி அது. 1996-இல் புரோட்டோன் இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனியை வாங்கியது. தொண்ணூறுகளின் கடைசியில் வந்த ஜிடிஐ-யின் சஸ்பென்ஷனை லோட்டஸ்காரர்கள் செதுக்கினார்கள். இஞ்சின் 4ஜி93: 1,834 சிசி, இரட்டை கேம், 16 வால்வு, ஏறக்குறைய 140 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் பெரிய எண் இல்லை, ஆனால் காடி எடை குறைவு. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் வரை இன்னும் இதை வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்பவர்கள் உண்டு. நீங்கள் வைத்திருப்பது சாத்ரியா நியோவோ, மாஸ்டா எம்எக்ஸ்-5-ஓ, டொயோட்டா 86-ஓ என்றாலும் கீழே சொல்வதில் பெரும்பாலானது பொருந்தும்.

இருபது வருடக் காடியில் இரும்பு அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. கெடுவது ரப்பர். தண்ணீர்க் குழாய், வேக்குவம் குழாய், டைமிங் பெல்ட், ஆயில் சீல், இஞ்சின் மவுண்டிங், சஸ்பென்ஷன் புஷ், டயர். பால் மரம் சீவிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒட்டுப்பால் வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று தெரியும். காடியில் இருப்பது பெரும்பாலும் செயற்கை ரப்பர் என்றாலும், சூடும் எண்ணெயும் வருடங்களும் அதையும் அதே கதிக்குத்தான் கொண்டுபோகும். ஸ்போர்ட்ஸ் காடியில் இது இன்னும் வேகம். சின்ன போனெட்டுக்குள் பெரிய இஞ்சின், காற்றுக்கு இடமில்லை.

இஞ்சின் ஆறியபின் ஒவ்வொரு குழாயையும் இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கித் திரும்ப வேண்டும். குச்சி மாதிரி விறைத்திருந்தாலும் தவறு, கனிந்த பழம் மாதிரி கொழகொழத்தாலும் தவறு. கிளிப் மாட்டிய நுனியில்தான் வெடிப்பு முதலில் வரும்.

தண்ணீர் விஷயத்தில் இங்கே ஒரு பழக்கம் உண்டு: “நம்ம ஊரிலே பனியா பெய்யுது?” என்று சொல்லி ரேடியேட்டரில் பைப்புத் தண்ணீரை ஊற்றுவது. கூலன்ட் பனிக்கு மட்டும் அல்ல. 4ஜி93-இல் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகமும் ஒரே தண்ணீரில் இருந்தால் அரிப்பு வரும். அதைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடி இல்லை. அது பிடிக்கும் அழுத்தத்தால்தான் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 பாகை வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால், வேறு எந்தக் கோளாறும் இல்லாமலேயே காப்பார் நெரிசலில் காடி கொதிக்கும். மூடி மலிவு. ரேடியேட்டரைக் குறை சொல்லும் முன் அதை மாற்றிப் பாருங்கள்.

டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிப் போனால் ஏர்கோனை அடைத்து, ஓரம்கட்டி, இஞ்சினை நிறுத்துங்கள். சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். “இன்னும் இரண்டு மைல்தானே” என்று ஓட்டியவர்களின் ஹெட் வளைந்திருக்கிறது. ஹெட் காஸ்கெட் போனதற்கு அடையாளம்: வெளியே ஒழுகாமலேயே தண்ணீர் குறைவது, ரேடியேட்டரில் குமிழி, சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை. எண்ணெய் மூடியின் அடியில் பால் காப்பி நிறப் பசை தெரிந்தால் மட்டும் உடனே பதறாதீர்கள். தினமும் ஐந்து நிமிடம் மட்டும் ஓடும் காடியில், நம்முடைய ஈரக் காற்றில், அது வெறும் ஆவியாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால்தான் கவலை.

டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே வரும் நேரம் வால்வு ஒதுங்கியிருக்க வேண்டும். அந்த நேரத்தைக் காப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தாலோ இரண்டு பல் நழுவினாலோ பிஸ்டன் வால்வில் இடித்து வளைத்துவிடும். முன்னறிவிப்பு பெரும்பாலும் இருக்காது, சத்தமும் வராது. பொதுவாக 80,000 முதல் 100,000 கிலோமீட்டர் என்பார்கள். நான் வருடக் கணக்கையே நம்புகிறேன்: ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஐந்து வருடம். பழைய காடியை வாங்கும்போது “பெல்ட் இப்பத்தான் போட்டது” என்று விற்பவர் சொன்னால், ரசீதைக் கேளுங்கள். இல்லையென்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டென்ஷனர், பேரிங், தண்ணீர் பம்ப், முன்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். புதுப் பெல்ட்டின்மேல் பழைய சீல் எண்ணெய் ஒழுக்கினால் அந்தப் பெல்ட்டும் ஊறிக் கெடும்.

‘மினியாக் ஈத்தாம்’ என்று பட்டறையில் சொல்லும் இஞ்சின் எண்ணெயில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஆனால் உயர்ந்த சுற்றில் ஓடும் இஞ்சின் எண்ணெயைக் குடிக்கும். வாரம் ஒருமுறை சமதரையில் நிறுத்தி அளவு பாருங்கள். இன்னொன்று, டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்துவிட்டால் இஞ்சின் சூடாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. சூடானது தண்ணீர். எண்ணெய் சூடாக மேலும் பல நிமிடம் ஆகும். அதுவரை முறுக்காதீர்கள்.

கோளாறைத் தேடும்போது ஒரே சமயத்தில் இரண்டு பாகத்தை மாற்றவே கூடாது. இஞ்சின் இழுக்கும்போது விக்குகிறதா? பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம் பழுப்பு என்றால் நலம், கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல், நுனியில் அல்லாமல் பிளக்கின் மேல்பகுதி எண்ணெயில் நனைந்திருந்தால் வால்வ் கவர் ரப்பர் பழுது. இரட்டை கேம் இஞ்சினில் பிளக் ஆழமான குழியில் உட்கார்ந்திருக்கும். அந்தக் குழியில் எண்ணெய் தேங்கித்தான் பாதி விக்கல் வருகிறது. சந்தேகமான பிளக்கை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். விக்கலும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அதுதான். புகைக்கும் பாஷை உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலமாக வந்தால் வால்வ் சீல் (அதுவும் ரப்பர்தான்), இழுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங். குளிர்ந்த இஞ்சின் சில நொடி ‘டிக் டிக்’ என்றால் விட்டுவிடலாம். சூடான பிறகும் நிற்காவிட்டால் முதலில் எண்ணெய் அளவைப் பாருங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை தாங்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்த அளவு 155-க்கு இறங்கிவிடலாம். ஜெராமில் பெரிய மேடு கிடையாது, வித்தியாசம் தெரியாது. கெந்திங்கிலிருந்து இறங்கும்போது மிதி பஞ்சு மாதிரி கீழே போகும்போதுதான் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், செப்பாங்கில் ஓட்டுபவர்கள் வருடா வருடம். டயரில் பூ இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பூ தேயாமலே விறைத்துப்போன டயர் மழையில் வழுக்கும்.

நம்ம பக்கத்துக்கே உரிய தொல்லைகள் சில உண்டு. கிள்ளான்–கோலசிலாங்கூர் சாலையில் லோரிகள் தோண்டிய பள்ளம் புஷ்ஷையும் அப்சோர்பரையும் தின்கிறது. குழியில் ‘டொக்’ என்றால் பட்டறையில் முதலில் புஷ்ஷைப் பார்க்கச் சொல்லுங்கள். பந்தாய் ரெமிஸில் மீன் சாப்பிட்டு வந்தால் அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் அடித்துவிடுங்கள், உப்பு. செம்மண் சாலைக்குத் திறந்த ஏர் ஃபில்டர் ஆகாது. அழகாகச் சத்தம் போடும், ஆனால் புழுதியையும் போனெட்டுச் சூட்டையும் சேர்த்து இழுக்கும். பழைய பெட்டியே மேல். அப்புறம் எலி. செம்பனைக் காட்டில் எலி எவ்வளவு என்பதற்கு, தோட்டங்களில் ஆந்தைக்குக் கூண்டு வைத்து வளர்ப்பதே சாட்சி. இரண்டு வாரம் நிறுத்தி வைத்த காடி திடீரென்று மூன்று சிலிண்டரில் ஓடினால், பாகம் வாங்கும் முன் டார்ச் அடித்து வயரைப் பாருங்கள். கடித்த தடமும் புழுக்கையும் இருக்கும்.

நிறுத்தி வைப்பதே இந்தக் காடிகளுக்கு எமன். பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி, இஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இருபது வெள்ளி மீட்டர் போதும். வாரம் ஒருமுறை ஈஜோக் பக்கம் லாத்தார் நெடுஞ்சாலையில் ஏறி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். முன்வாசலில் நிறுத்திப் பத்து நிமிடம் ஐடலிங் விடுவது பேட்டரிக்கும் பத்தாது, எண்ணெயில் சேர்ந்த ஈரத்தையும் விரட்டாது.

போமனிடம் போகும்போது “சென்சார் போச்சு அண்ணே” என்று சொல்லாதீர்கள், சென்சாரை மாற்றிவிடுவார். “காலையில் நல்லா இருக்குது, சூடானபிறகு, மூணாவது கியரில், மூவாயிரத்துக்கு மேலே விக்குது” என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

இஞ்சின் கைமீறிப் போய்விட்டால் பலர் ஹாஃப் கட் கடைக்குப் போகிறார்கள். அங்கே இருப்பவை ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வந்த காடிகள். தவறில்லை. இஞ்சின் எண்ணுக்குரிய தாள்களைக் கையோடு வாங்கி, ஜேபிஜே பதிவில் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காடியை விற்கும் நாளில், பரிசோதனையில் நிற்கும். வந்த இஞ்சின் கடையில் எத்தனை வருடம் கிடந்ததோ தெரியாது. ஏற்றும் முன்பே பெல்ட்டையும் எல்லாச் சீலையும் குழாயையும் மாற்றிவிடுங்கள். தரையில் இருக்கும்போது அரை நாள் வேலை. உள்ளே ஏறிவிட்டால் இரண்டு நாள், கூலியும் அப்படியே.